இருசம்மாள் எடுக்காத கட்டை

எங்கள் குப்பத்தில் இருசம்மாளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆம்பளை ஒருவன்கூடக் கிடையாது. நான் மற்றவர்களைவிடக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே வாங்கியிருக்கிறேன். காரணம், ஊர்க்கூட்டத்துக்கு வீடு வீடாகப் போய் ஆள் கூப்பிடுகிற வேலை என்னுடையது. என் பெயர் நீலமேகம். சின்ன வயதில் படகுக்கடியில் மாட்டி இடது கால் கோணிப்போயிற்று. தண்ணீரில் இறங்க லாயக்கில்லாதவன் ஊர் வேலையாவது பார்க்கட்டும் என்று இதைக் கொடுத்தார்கள். இந்தக் கோணல் காலை இழுத்துக்கொண்டு அவள் வாசலில் போய் நின்றால், "இன்னா, ஊர்ல எவனுக்கு இப்ப புத்தி கெட்டுப்போச்சு?" என்றுதான் ஆரம்பிப்பாள். வா என்று சொல்லமாட்டாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் பாடு என்கிற முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழவேற்காடு ஏரியில் எங்கள் ஊருக்கென்று இருக்கிற தண்ணீர், முகத்துவாரத்துக்கு உள்பக்கமாக ஓடுகிற ஒரு ஓடை. கடலிலிருந்து இறால் ஏறுவதும் இறங்குவதும் அதன் வழியாகத்தான். அதில் எல்லாரும் ஒரே நாளில் வலை கட்டினால் எவனுக்கும் ஒன்றும் கிடைக்காது. அதனால் ஒரு நாளைக்கு மூன்று வீடு என்று முறை வைத்திருந்தோம். அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மிதப்புக்கட்டை உண்டு. வலையில் கோத்துக் கட்டுகிறோமே, அந்தக் கட்டைதான். அதில் அந்த வீட்டுக் குறியைச் செதுக்கி, செல்லியம்மன் கோவில் பானையில் போட்டுவிடுவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை நான் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுப்பேன். வந்த வரிசைப்படி நாள்; குலுக்கி முடிந்ததும் எல்லாக் கட்டையும் திரும்பப் பானைக்கே போய்விடும். உன் நாளில் காற்றடித்தாலும் மழையடித்தாலும் அது உன் தலையெழுத்து. மறு சுற்று வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான்.

பானையில் கட்டை இருந்தால் ஏரியில் பங்கு. கட்டையை வெளியே எடுத்துவிட்டால் பங்கு போயிற்று. போட்ட வீட்டார் கையால்தான் எடுக்கலாம். குலுக்குகிற என்னைத் தவிர வேறு எவன் தொட்டாலும் அம்மன் குத்தம். புதுசாக ஒருவன் கட்டை போட வேண்டுமானால், ஏற்கெனவே போட்டவர்கள் எல்லாரும் சரி என்று சொல்ல வேண்டும். இதையெல்லாம் எவனும் எழுதி வைக்கவில்லை, ஆனால் மீறியவனும் இல்லை.

இருசம்மாளின் புருஷன் தேசப்பன் எழுபத்து நாலில் வயிற்றுவலி வந்து செத்தான். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. ஒரே மகள், சின்னஞ்சிறு பெண். மகன் கிடையாது. அதற்கு முன்னால் தாலியறுத்தவர்களுக்கெல்லாம் வளர்ந்த மகன்கள் இருந்ததால் அப்பன் கட்டை மகனுக்குப் போயிற்று. இவள் விஷயத்தில் என்ன செய்வதென்று ஊருக்கே தெரியவில்லை. நாட்டார் வீரராகவன், எங்கள் ஊர்த் தலைவர், நல்ல மனுஷன், தாடையைச் சொறிந்துகொண்டு, "கட்ட இருக்கட்டும். அவ நாள்ல பங்காளி எவனாவது வலை கட்டி பாதி குடுக்கட்டும்" என்றார். அப்படியே நடந்தது. அந்தப் பாதியில்தான் தாயும் மகளும் சாப்பிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் இறாலுக்கு வந்தது யோகம். அதுவரை இறாலை நாங்கள் கருவாட்டோடு கருவாடாகக் காயவைத்துக் கொண்டிருந்தோம். ஜப்பான்காரன் தின்கிறானாம், அமெரிக்காக்காரன் தின்கிறானாம். மெட்ராஸிலிருந்து ஒரு கம்பெனி வந்து பழவேற்காட்டு சம்சுதீன் பாயைப் பிடித்தது. அவர் ஐஸ் கொட்டகை போட்டார். கொட்டகை வாசலில் லாரி வந்து நின்றது. கம்பெனியே நைலான் வலை கொடுத்தது. வாங்கிக்கொள், இறாலாகக் கொடு என்றது. பிடித்துக்கொண்டு வந்தவன் கையில் அன்றைக்கே நோட்டு. சும்மா சொல்லக்கூடாது, கூரை வீடெல்லாம் ஓட்டு வீடாயின. டெரிகாட்டன் சட்டை போட்டுக்கொண்டு, டிரான்சிஸ்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு வலை இழுத்தவன்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. எவனுக்குப் பிடிக்காது?

ஆனால் கையில் மூன்று வலையை வைத்துக்கொண்டு, நாள் வரட்டும் என்று கரையில் உட்கார்ந்திருக்க எவனுக்கு மனசு வரும்? முதலில் வாயைத் திறந்தவன் தேவதாஸ். ஊரிலேயே நல்ல வலைக்காரன், பேச்சுக்காரனும்கூட.

"தண்ணி நெறைய எறா ஓடுது. நாம முறை முறைன்னு கையக் கட்டினு உக்காந்துனு கீறோம். அப்பன் காலத்துல எறாவ எவன் வாங்கினான்? அதுக்குப் பாடு சரி. இப்போ இன்னாத்துக்கு? எல்லாரும் தினமும் வல கட்டலாம். திராணி உள்ளவன் ஜாஸ்தி புடிக்கட்டும்."

கூட்டத்தில் ஓவென்று சத்தம். நாட்டாருக்கு இஷ்டமில்லை. ஆனால் அவருடைய மகன்களே தேவதாஸ் பக்கம் நின்றார்கள். அவர் என்ன செய்வார் பாவம். ஆளாளுக்குக் கோவிலுக்குப் போய் அவரவர் கட்டையை எடுத்துக்கொள்வது, அத்தோடு பாடு முறைக்கு முழுக்கு என்று முடிவாயிற்று. எழுபத்தாறு என்று ஞாபகம். ஒவ்வொருத்தனாக வந்து சிரித்துக்கொண்டே எடுத்தான். தேவதாஸ் தன் கட்டையை எடுத்து மேலே வீசிப் பிடித்தான்.

இருசம்மாளைக் கூப்பிட என்னைத்தான் அனுப்பினார்கள். அவள் அடுப்பில் உலை வைத்திருந்தாள்.

"நான் எடுக்கமாட்டேன்."

"ஊரே எடுத்துடுச்சும்மா. நீ மட்டும் இன்னா பண்ணப்போற?"

"ஊருக்கு ஆம்பள கீறான், வல கீது. தினமும் போவான். எனக்கு எவன் தினமும் வல கட்டுவான்? என் நாளுன்னு ஒண்ணு கீறதாலதான பாதி வருது. அது போனா நானும் எம் பொண்ணும் மண்ணத் துண்றதா?"

"ஏரியில இவ்ளோ எறா கீதே, எவனாவது குடுப்பான்."

"குடுப்பான்! உன் மூஞ்சி. குடுக்கறதுன்னா இன்னிக்குக் குடுப்பான், நாளிக்கு மறந்துடுவான். போய் சொல்லு, எடுக்க முடியாதுன்னு."

போய்ச் சொன்னேன். கூட்டம் சிரித்தது. தேவதாஸ், "பொம்பளைக்கு இன்னாய்யா கட்ட? கெடக்கட்டும் வுடு. ஒத்தக் கட்ட பானையில கெடந்தா ஏரி வத்திடுமா?" என்றான். யாரும் அதைத் தொடவில்லை. தொடக்கூடாது, தொடவும் தேவையில்லை. பானையை மூடிவிட்டு எல்லாரும் ஏரிக்கு ஓடினார்கள்.

அப்புறம் அவளுக்குப் பாதி கொடுக்க எவனும் வரவில்லை. அவள் பிழைப்பு சம்சுதீன் பாய் கொட்டகையில் இறால் உரிப்பது. ஐஸ் தண்ணீரில் நாள் பூராவும் கை ஊறி, விரல் நுனியெல்லாம் வெடித்துக் கிடக்கும். சாயங்காலம் கழித்துப்போட்ட மீனை வாங்கிவந்து உப்புப் போட்டுக் காயவைப்பாள். தேவதாஸ் பெண்டாட்டி கோவிந்தம்மா ஓட்டு வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "தோ, பானைக்குக் காவக்காரி போறா பாரு" என்பாள். இருசம்மாள் அப்படியே நின்று, அவள் பரம்பரையையே இழுத்துவைத்து ஒரு பாட்டுப் பாடிவிட்டுத்தான் நகர்வாள். ஒரே தெருவில் எத்தனை வருஷம் இந்தக் கச்சேரியைக் கேட்டிருக்கிறேன்!

பாயும் நானும் எப்போதாவது டீக்கடையில் உட்கார்வோம். ஒருநாள் ரொம்ப சலித்துக்கொண்டார்.

"கம்பெனில இன்னா சொல்றாங்க தெரியுமா நீலமேகம்? போன வருசத்தவிட இந்த வருசம் ஜாஸ்தி வேணுமாம். அதவிட அடுத்த வருசம் ஜாஸ்தியாம்."

"ஏன் பாய், ஏரி இன்னா வருசா வருசம் நீளமா வளருதா?"

"அத்த நான் கேட்டா, அப்போ வேற ஏஜெண்ட பாத்துக்கறோம்னு சொல்றான். கொட்டக போட்டுட்டேனே, நான் இன்னா பண்றது?"

எல்லாருக்கும் அதே கதைதான். இறால் கொஞ்சம் குறைந்தபோது, வலையை நீளமாக்கினார்கள். இன்னும் குறைந்தபோது, வலைக்கண்ணைச் சின்னதாக்கினார்கள். கொசுவலைபோல ஒரு வலை வந்தது. விரல் நகத்தளவு குஞ்சு இறாலைக்கூட அது விடவில்லை. ராத்திரியில்லை பகலில்லை, ஓடை முழுக்க வலை. ஒருத்தன் வலை மேல் இன்னொருத்தன் கட்டி, அடிதடி, மண்டை உடைப்பு. பாடு இருந்த காலத்தில் எங்கள் ஊரில் போலீஸ் நுழைந்ததில்லை. நான் சொல்லிப் பார்த்தேன். நொண்டிக்கு இன்னா தெரியும் என்றார்கள். சரிதான் போங்கடா என்று விட்டுவிட்டேன்.

எண்பத்திரண்டில் மழை ஏமாற்றிவிட்டது. ஆற்றுத் தண்ணீர் வராததால் முகத்துவாரத்தில் மணல் மேடு போட்டு அடைத்துக்கொண்டது. கடலுக்கும் ஏரிக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று. தண்ணீர் சுண்டி உப்பேறியது. முன்பும் இப்படி அடைத்ததுண்டு. அப்போது ஏரிக்குள்ளே மிச்சம் மீதி இருந்ததை வைத்து நாள் தள்ளியிருக்கிறோம். இந்தத் தடவை மிச்சம் என்று எதையும் நாங்கள் வைத்திருக்கவில்லை. லாரி வாரம் ஒருதரம் வந்தது, பிறகு வரவேயில்லை. பாய் கொட்டகையைப் பூட்டினார். பாதி ஊர் அனுப்பம்பட்டுக்கு நடந்து ரயிலேறி மெட்ராஸில் மூட்டை தூக்கப் போயிற்று.

தேவதாஸ் மூட்டை தூக்கமாட்டேன் என்றான். ஏரியில் இல்லாவிட்டால் கடலில் இருக்கும் என்று, கொந்தளிப்பு அடங்காத நாளில் படகைத் தள்ளினான். மூன்றாவது அலையிலேயே கவிழ்ந்தது. இரண்டு நாள் கழித்துப் பிணமாகக் கரை ஒதுங்கினான். அவனோடு எனக்கு ஆயிரம் தகராறு இருந்தது, ஆனாலும் அவனைத் தூக்கி வரும்போது நான் வாய்விட்டு அழுதேன். அப்படி ஒரு வலைக்காரன் எங்கள் ஊரில் இனி பிறக்க வேண்டும்.

மறு வருஷம் மழை பெய்து முகத்துவாரம் திறந்தது. கொஞ்சம் இறால் ஏறியது. கொஞ்சம்தான். பழைய ஆட்டம் ஆடினால் ஒரு வாரத்தில் அதுவும் காலி என்று இந்தத் தடவை குழந்தைக்குக்கூடத் தெரிந்திருந்தது. நாட்டார் ஊரைக் கூட்டினார். திரும்பவும் பாடு வைப்போம் என்றார். ஒருத்தனும் மறுக்கவில்லை. ஆளுக்கொரு புதுக் கட்டையைச் செதுக்கி எடுத்துக்கொண்டே வந்திருந்தார்கள்.

நான் பானையைத் திறந்தேன். உள்ளே எட்டிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

"இன்னாடா?" என்றார் நாட்டார்.

"நாட்டாரே, பானையில ஒரு கட்ட கீது."

"இருசம்மாளோடது. அதுக்கு இன்னா?"

"பானையில கட்ட கீறவங்களுக்குத்தான் ஏரி. புதுசா எவனாவது கட்ட போடணும்னா, ஏற்கெனவே போட்டவங்க அத்தினி பேரும் சரின்னு சொல்லணும். அதான முறை?"

"ஆமா."

"அத்தினி பேரும்னா இப்போ அவ ஒருத்திதான்."

பின்வரிசையில் யாரோ ஒருவன் சிரித்தான். பிறகு ஒருத்தரும் சிரிக்கவில்லை. நாட்டார் எழுந்து வந்து தானே பானைக்குள் பார்த்தார். ஊரே சேர்ந்து சிரித்துக்கொண்டே கட்டையை எடுத்த அன்றைக்கு, எங்கள் சட்டப்படியே மொத்த ஓடையையும் அந்தப் பொம்பளைக்கு எழுதிக்கொடுத்துவிட்டிருந்தோம். அம்மன் முன்னால் வைத்த முறை. அதைத் தள்ளிவிட்டுப் புதுசாகப் பாடு வைத்தால், அந்தப் பாட்டை நாளைக்கு எவன் மதிப்பான்?

"கூட்டினு வா" என்றார் நாட்டார்.

அவள் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கையைக் கழுவிக்கொண்டு கிளம்பி வந்தாள். கூட்டத்தின் நடுவில் வந்து நின்று, எல்லார் மூஞ்சியையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"போடுங்க. நான் வேணாம்னு சொல்லல. வீட்டுக்கு ஒரு வல. அந்தக் கொசுவல இனிமே ஏரியில எறங்கக்கூடாது."

"சரி" என்றார் நாட்டார்.

"இன்னொண்ணு. கோவிந்தம்மாவும் ஒரு கட்ட போடணும்."

தேவதாஸின் தம்பி கண்ணப்பன் துள்ளி எழுந்தான். "அண்ணன் கட்டைய நான் போடறேன். என்னுது ஒண்ணு, அண்ணனுது ஒண்ணு. அண்ணிக்கு வேண்டியத நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்குவ. இன்னிக்குப் பாத்துக்குவ. அவ கட்டய அவதான் போடணும்."

"பொம்பளைக்கு ஏது கட்ட?"

"அப்போ பானையில கீறது எவனுது? உங்க நைனாவுதா?"

கோவிந்தம்மா கூட்டத்தின் ஓரத்தில், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கே நம்பமுடியவில்லை. நாட்டார் மெதுவாகக் கேட்டார்: "உன்ன அவ பேசாத பேச்சு இல்ல. இன்னாத்துக்கும்மா அவளுக்கோசரம் நிக்கற?"

"அவ மேல எனக்கு ஒண்ணும் பாசம் பொங்கல. நான் ஒருத்தி மட்டும் இருந்தா, பாவம் போனாப் போவுதுன்னு குடுத்ததா ஆயிடும். நான் செத்தா அதுவும் செத்துடும். ரெண்டு பேர் இருந்தா அது முறை. நாளிக்கு உன் மருமவளுக்கும் ஆவும், நாட்டாரே. எவன் எப்போ கடல்ல பூடுவான்னு எவளுக்குத் தெரியும்?"

நாட்டார் கோவிந்தம்மாவைப் பானை பக்கம் கூப்பிட்டார். கட்டைகள் ஒவ்வொன்றாகப் பானையில் விழுந்தன. கலைந்து போகும்போது கண்ணப்பன் குத்தலாக, "மொத்த ஓடையும் உன்னுதா இருந்துச்சு. கோட்ட வுட்டுட்டியே" என்றான். இருசம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மொத்தத்த வச்சினு நான் இன்னாடா பண்றது? எனக்குன்னு ஒரு நாளு போதும். அதுல எவனும் கை வெக்கக்கூடாது, அவ்ளோதான்" என்றாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். இருசம்மாள் கட்டை முதலில் வர வேண்டுமே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேதான் எடுத்தேன். வரவில்லை. கடைசிக்கு முந்தின நாளுக்குத்தான், கண்ணப்பன் கட்டையோடு சேர்ந்து வந்தது. அதற்கு மறுநாள் கோவிந்தம்மாவுக்கு. மற்ற வீடுகள் முறைப்படி வலை கட்டின. வந்தது கொஞ்சம் இறால், கொஞ்சம் மடவை, நண்டு. எவனும் பணக்காரன் ஆகவில்லை. ஆனால் எல்லார் வீட்டு அடுப்பும் எரிந்தது. மெட்ராஸ் போனவன்களில் சிலபேர் திரும்பி வந்தார்கள். இருசம்மாள் மட்டும் கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு, தன் நாளுக்குக் காத்திருந்தாள். நாட்டார் மகன் பாதிப் பங்குக்கு வலை கட்ட ஒப்புக்கொண்டிருந்தான்.

அந்த நாளும் வந்தது. விடிவதற்கு முன்பே வாடைக்காற்று ஊளையிட்டது. புயல் சின்னம் என்று ரேடியோவில் சொன்னார்கள். ஏரி கரைக்கு மேல் ஏறி அடித்தது. படகை அவிழ்க்கவே முடியவில்லை. அவள் கரையில் வந்து நின்றாள், சேலை படகுப் பாயாகப் படபடத்தது. சாயங்காலம் வரை நின்றாள். நாள் போயிற்று. எத்தனை வருஷம் கழித்து வந்த நாள்! அம்மனையே வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

இருட்டுகிற நேரம் கோவிந்தம்மா இருசம்மாள் வீட்டு வாசலுக்கு வந்தாள். அத்தனை வருஷத்தில் அவள் அந்த வாசலை மிதித்தது அன்றைக்குத்தான். காற்று தணிந்துகொண்டிருந்தது.

"அக்கா, நாளிக்கு என் நாளு. நீ எடுத்துக்கோ. நான் அடுத்த சுத்துல பாத்துக்கறேன்."

"வேணாம்."

"உன்னாலதான் எனக்கு நாளே வந்துச்சு. எடுத்துக்கோக்கா."

அங்கே நின்றிருந்த நானும் பொறுக்கமுடியாமல் நடுவே புகுந்தேன். "எடுத்துக்கோம்மே! எவன் கேக்கப்போறான்? எல்லாருக்கும் உன் கஷ்டம் தெரியும்."

"தோ பாரு, அங்க" என்றாள். தெருமுனையில் கண்ணப்பன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் இதே காற்றில்தான் நாள் போயிருந்தது. "எனக்கு ஒரு நாளு மாத்திக் குடுத்தா, அவன் இன்னா கேப்பான்? அவனுக்கு மாத்தினா அடுத்தவன் இன்னா கேப்பான்? பத்து நாள்ல பழையபடி எல்லாவனும் எறங்கிடுவான். போடி, போயி வலையப் பாரு. காத்து எறங்குது, நாளிக்கு எறா ஏறும்."

"உனக்கு மண்டக் கனம்!" என்று கத்திவிட்டேன். அத்தனை ஆத்திரம். அவள் பதிலுக்குத் திட்டாமல் மறுநாளைக்குக் கூடையைக் கழுவ உட்கார்ந்தாள், அதுதான் ஆச்சரியம்.

மறுநாள் கோவிந்தம்மாவுக்கு நல்ல வரத்து. புயல் கிளப்பிவிட்ட இறால் வலை கொள்ளாமல் ஏறியிருந்தது. கரையில் ஊரே கூடி நின்றது. இருசம்மாள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கோவிந்தம்மா இரண்டு கையாலும் அள்ளி அவள் கூடையில் போடப்போனாள். இருசம்மாள் கூடையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"சும்மா குடுக்காத. வெல சொல்லு."

கோவிந்தம்மா அழுதுகொண்டே ஒரு விலை சொன்னாள்.

"இந்தப் பொடிக்கு இந்த வெலயா? கொள்ள அடிக்கறியாடி?" என்று இருசம்மாள் சண்டைக்கு நின்றாள். இரண்டு பேரும் கூச்சல் போட்டுப் பேரம் பேசினார்கள். கோவிந்தம்மாவுக்கு அழுகை நின்று கோபம் வந்துவிட்டது. அடிமாட்டு விலைக்குக் கேட்கிறாளே என்று என்னிடம் நியாயம் கேட்டாள். கடைசியில் ஊர் விலைக்கே முடிந்தது.

கூடையைத் தலையில் ஏற்றிவிட நான் போனேன். கனம் தாங்காமல் அவள் கழுத்து நரம்பு புடைத்தது. எனக்கு மனசு ஆறவில்லை.

"உன் நாளு காத்துல பூட்சேம்மே. இத்தினி வருசம் சண்ட போட்டு இன்னாத்தக் கண்ட?"

"அடுத்த சுத்துல வரும்டா" என்றாள். "எவனும் எடுத்துனு போவமுடியாது. இத்தினி வருசம் வேற இன்னாத்துக்கு சண்ட போட்டேன்னு நெனச்ச?"